'விதை மாற்று' வேண்டாம், 'விதையுரு' என்று வைப்போம்

திருநம்பிகளுக்கு, அதாவது பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண்களுக்கு, விதை (விரை) போன்ற உருண்டையை வைக்கும் சிகிச்சையை ஆங்கிலத்தில் testicular implant என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த 'விதை மாற்றுச் சத்திரசிகிச்சை' என்ற சொல்லுக்கு என் வாக்கு இல்லை. சிறுநீரக மாற்று, ஈரல் மாற்று என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'மாற்று' என்றாலே ஒருவரிடம் எடுத்து இன்னொருவருக்கு வைப்பதுதான். மட்டக்களப்புக் கல்லடியில் தெரிந்த ஒரு திருநம்பித் தம்பியிடம் இந்தச் சொல் போட்ட வரைவைப் படிக்கக் கொடுத்தேன், இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து "ஆர்ர விதையக்கா எடுத்து வைக்கப் போறாங்க?" என்று கேட்டான்.

நடப்பது வேறு. பெரிய யோனி உதடுகளின் தோலைத் திருப்பித் தைத்து விதைப்பை ஆக்குகிறார்கள். அது நன்றாக ஆறி, பெரும்பாலும் பல மாதம் கழித்துத்தான், முட்டை வடிவச் சிலிக்கன் உருண்டைகளை உள்ளே வைக்கிறார்கள். அமெரிக்காவில் சேலைன் (உப்புநீர்) நிரப்பியதும் உண்டு. அதில் விந்து வராது, ஓமோன் சுரக்காது, டெஸ்டொஸ்டெரோனை ஊசியாகவோ ஜெல்லாகவோ தொடர்ந்து எடுக்கத்தான் வேண்டும். வடிவம், கைக்குத் தட்டுப்படும் கனம், அவ்வளவுதான். அதனால்தான் 'விந்தகம்' என்ற தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லும் இங்கே சரிவராது, விந்தே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயர் எதற்கு? நமக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த 'விதை', 'விதைப்பை' இருக்கிறது, வாட்டில் தாதிமாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

'போலி விதை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொய்ப்பல் என்றால் யாருக்கும் சுடாது, சரி. ஆனால் "நீ உண்மையான ஆம்பிளையா" என்று கேட்டே வளர்ந்தவனின் ஒப்புதல் படிவத்தில் 'போலி' என்று அச்சடிக்க எனக்கு மனம் வராது.

'செயற்கை விதை' நல்ல சொல்தான், செயற்கைக் காலோடு சேர்ந்து நிற்கும். ஆனால் ஆய்கூடத்தில் செடி வளர்க்கும் இழைய வளர்ப்புக்காரர்கள் அதை ஏற்கனவே எடுத்துக்கொண்டார்கள். அதோடு வாவிக்கு அந்தப் பக்கம் வயல்காரர் இருக்கும் படுவான்கரையில் மாரி விதைப்பு நேரம் 'செயற்கை விதை பொருத்தல்' என்று ஒரு தாளை நீட்டிப் பாருங்கள், விவசாயத் திணைக்களத்துக்கு வழி காட்டிவிடுவார்கள். 'விதைப் பதியம்' அதைவிட மோசம், மாதுளங்கொப்பில் பதி வைப்பதுதான் ஞாபகம் வரும்.

ஆகவே 'விதையுரு'. உரு என்றால் வடிவம், விதையின் வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கையை அது கொடுக்காது. சத்திரசிகிச்சைக்கு 'விதையுருப் பொருத்தல்', அதற்கு முந்தியதற்கு 'விதைப்பை ஆக்கம்'. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பவேண்டாம், முதலாவதை மட்டும் செய்துவிட்டு அதோடு நிற்பவர்களும் உண்டு.

திருநம்பிகளுக்கென்று தனிச்சொல் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம். இந்த உருண்டை 1941இலேயே வந்தது, அப்போது உலோகத்தில். புற்றுநோய்க்கு விதை எடுத்தவர், விதை முறுக்கிக்கொண்டு கெட்டுப்போன பொடியன், பிறப்பிலேயே விதை இறங்காதவர், எல்லோருக்கும் வைப்பது இதேதான். ஒரே பொருளுக்கு ஒரே பெயர் இருந்தால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கிளினிக்கில் யாரும் கூசாமல் கேட்கலாம்.

இன்னொரு சொல்லும் அவசரமாக வேண்டும், 'விதையுரு அகற்றல்'. ஆம்ஸ்டர்டாமில் 1992 முதல் 2018 வரை வைத்துக்கொண்ட 206 திருநம்பிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றையோ இரண்டையுமோ திரும்ப எடுக்க வேண்டிவந்தது. தொற்று, தோலைப் பிய்த்துக்கொண்டு வெளித்தள்ளுதல், இடம் விலகுதல் என்று காரணங்கள் பல. சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து கூட. பெரிதாக வேண்டும் என்று கேட்டால் டொக்டர்மார் சிறியதையே சொல்வதும் இதனால்தான், புதுத் தோல் அந்த இழுவையைத் தாங்காது. தமிழ்ப் படிவத்தில் வைப்பதற்குச் சொல் இருந்து எடுப்பதற்குச் சொல் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பாதிதான் சொன்னதாகும்.

'வெளித்தள்ளல்' என்பதற்கு இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பிரசவ வாட்டில் அது வேறு அர்த்தத்தில் ஓடுகிறது.