இரண்டும் பெண் என்று வாங்கிய எலியில் ஒன்று குட்டி போட்டுவிட்டது, இன்னொன்று ஆண்! இப்போது என்ன செய்வது?

ஃபீனிக்ஸ்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு எலிகள் வாங்கினோம். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். வெள்ளையும் கறுப்புமாக இருப்பது மல்லி, சாம்பல் நிறம் முத்து. மல்லியின் வயிறு பெருத்துக்கொண்டே போனது. இன்று காலை கூண்டின் மூலையில் காகிதக் குவியலுக்குள் கீச் கீச் என்று சத்தம். பார்த்தால் பதினோரு குட்டிகள், கண்ணும் திறக்கவில்லை, முடியும் இல்லை. முத்துவைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். ஆண்தான், சந்தேகமே இல்லை.

முத்து குட்டிகளை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் படுத்து நக்கிக்கூடக் கொடுக்கிறது. பிரிக்கத்தான் வேண்டுமா? எங்கள் ஆயா, "பிள்ளையார் வாகனம், பத்திரமாகப் பார்த்துக்கோ, ஆனால் குட்டியை மட்டும் தொடாதே, மனுசர் வாடை பட்டால் தாய் தின்றுவிடும்" என்கிறார். மகளோ தூக்கிப் பார்க்கத் துடிக்கிறாள். சாப்பாட்டுக்கு என்ன கொடுப்பது? ஜூலை மாதக் குளிருக்கு என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் அக்கா:

தம்பி, முதலில் எழுந்து போய் முத்துவை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

முத்து நல்ல அப்பாதான். ஆண் எலிகள் பல நேரம் குட்டிகளிடம் சாதுவாகவே நடந்துகொள்ளும். பயம் அதுவல்ல. குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் தாய் எலி மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் கூடவே இருந்தால் அன்றைக்கே சினை பிடிக்கும். பதினோரு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே வயிற்றில் இன்னொரு ஈட்டுக் குட்டிகளையும் சுமந்தால் மல்லி உருக்குலைந்துவிடும். இதற்குள் சேர்ந்திருக்கவும் கூடும், அதனால் தேதியைக் குறித்து வையுங்கள். எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள். பால் கொடுக்கும் தாய்க்குக் கரு பதிவது தள்ளிப்போகும் என்பதால் ஒரு வாரமோ அதற்கு மேலோ கூடலாம். மூன்றாவது வாரத்திலிருந்து அவள் வயிற்றைக் கவனித்து வாருங்கள். முத்துவின் கூண்டு அதே அறையில் இருக்கட்டும், ஆனால் மல்லியின் கூண்டை ஒட்டி வேண்டாம். கம்பி வழியாகவே காரியம் முடிந்துவிடும்.

ஆயா சொல்வது பயந்த எலிக்குப் பொருந்தும். பழகிய எலிக்குப் பொருந்தாது. மல்லி உங்கள் கையில் ஏறி விளையாடுகிறவள்தானே? அப்படியென்றால் உங்கள் வாடை அவளுக்கு வீட்டு வாடை. தாய் குட்டியைத் தின்பது பெரும்பாலும் குட்டி செத்துப் பிறந்தால், நோஞ்சானாக இருந்தால், தாய்க்குத் தண்ணீரோ சத்தோ போதாவிட்டால், அல்லது சுற்றிலும் ஒரே சத்தமும் நடமாட்டமுமாக இருந்தால். அதனால் இன்று அவளைச் சும்மா விடுங்கள். நாளையிலிருந்து தினம் ஒரு தடவை அவளுக்கு ஏதாவது தின்னக் கொடுத்து வெளியே எடுத்துவிட்டு, கையை வாசனையில்லாத சோப்பில் கழுவி, கூட்டுக் காகிதத்தில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு குட்டிகளைப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பார்க்காமலே விடுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டுக்குள் ஒரு குட்டி செத்துக் கிடந்தால் அதை யார் எடுப்பது?

என்ன பார்க்க வேண்டும் என்றால், வயிறு. புதுக் குட்டியின் தோல் அவ்வளவு மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் இளஞ்சிவப்புத் தோலுக்கு அடியில், இடது பக்க விலாவுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். குடித்த பால் இரைப்பையில் நிற்கிறது, அதுதான் வெளியே தெரிகிறது. ஐந்தாறு கிராம்தான் எடை இருக்கும், ஆனாலும் பட்டை தெரிகிற குட்டி உள்ளங்கையில் முறுக்கித் துள்ளும். பட்டை இல்லாத குட்டி சுருங்கி, குளிர்ந்து, கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் கிடக்கும். மகளுக்கு இதைக் காட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். முடி வளர்ந்த பிறகு இந்தப் பட்டை தெரியாது, அதனால் முதல் வாரம்தான் முக்கியம். மல்லிக்கு ஆறு ஜோடிக் காம்பு உண்டு, பதினோரு குட்டிக்கு அது போதும்.

கூட்டுக்கு டாய்லெட் பேப்பரையோ கிச்சன் டவலையோ நீளநீளமாகக் கிழித்துப் போடுங்கள், மீதியை மல்லியே கட்டிக்கொள்வாள். பஞ்சு வேண்டவே வேண்டாம், நூல் குட்டியின் காலைச் சுற்றி இறுக்கிவிடும். பைன் மரச்சீவல் இங்கே மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சூளையில் காய வைக்காத சீவலிலிருந்து வரும் நெடி எலியின் நுரையீரலுக்கு ஆகாது. அதோடு மூத்திர நெடியும் சேர்ந்தால் தும்மலில் ஆரம்பித்து மூச்சுத் திணறலில் முடியும். கூண்டின் அடிப்பகுதியைத் தினம் துடையுங்கள், கூட்டை மட்டும் முதல் நாலைந்து நாள் கலைக்காதீர்கள்.

சாப்பாட்டில் கை தாராளமாக இருக்கட்டும். வழக்கமான எலித் தீனியோடு அவித்த முட்டை, உப்பில்லாமல் அவித்த கோழி, சாதா ப்ரோநியூட்ரோ சத்துமாவைத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம். சுகர் பீன்ஸ் வேகவைக்கும்போது மசாலா சேர்க்கும் முன்பே ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். நன்றாக வெந்திருக்க வேண்டும், வேகாத பீன்ஸ் நஞ்சு. டப்பா பில்சர்ட் மீன் என்றால் தக்காளிச் சாறைக் கழுவிவிட்டு ஒரு துண்டு. தண்ணீர்ப் புட்டியின் நுனியை விரலால் தட்டி, சொட்டு வருகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். தண்ணீர் அடைத்துக்கொண்டால் பாலும் வற்றிவிடும்.

இன்னும் ஒன்று. மல்லி முக்கிக்கொண்டே இருந்து இரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை, இரத்தம் நிற்கவில்லை, அல்லது குட்டிகளிடம் போகாமல் ஒரு மூலையில் குன்றி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் இங்கே கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். சின்னப் பிராணி பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள்.

லெனேசியாக்காரன்:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார்கள், குளிரைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் ஜூலை இரவு சில நாள் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, தாயும் கூடப்பிறந்ததுகளும்தான் அதற்குப் போர்வை. டர்பனில் அவ்வளவு குளிர் கிடையாது. வாசல் காற்று படாத சுவரோரமாகக் கூண்டை வைத்து, மூன்று பக்கம் போர்வை போட்டு மூடினாலே போதும். ஹீட் பேட் வைத்தால் கூண்டின் பாதிக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழுவதும் வைத்தால் சூடு அதிகமானபோது மல்லி விலகிப் போக இடமிருக்காது. கரண்ட் போகிற இரவுக்கு, பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, தடித்த சாக்ஸுக்குள் போட்டுக் கூட்டை ஒட்டி வைப்பேன். கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ஆறியதும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதுவே குளிரை இழுக்கும்.

கூட்டத்தில் சின்னதாக ஒன்றிரண்டு பால் கிடைக்காமல் நின்றால், பெரிய குட்டிகளில் பாதியை வெதுவெதுப்பான துணிப்பெட்டியில் அரை மணி நேரம் எடுத்து வையுங்கள். சின்னதுகளுக்குக் காம்பு காலியாகக் கிடைக்கும். பிறகு பெரியதுகளைத் திரும்ப விடுங்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் தேற்றுவோம்.

நார்த்டேல் பெரியம்மா:

எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் பேரனின் எலி ஒரு குட்டியை மட்டும் ஒதுக்கிவிட்டது. இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுக்கலாமா?

சாட்ஸ்வர்த் அக்கா:

பெரியம்மா, பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கில் போய்விடும். ஃபில்லரும் வேண்டாம். ஒரு சொட்டு அதிகமானால் பால் நுரையீரலுக்குள் போகும், அப்புறம் காப்பாற்ற முடியாது. முதலில் குட்டியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. பல நேரம் தாய் ஒதுக்குவதே குட்டி குளிர்ந்து போனதால்தான். சூடேறியதும் கூட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள், அவளே எடுத்துக்கொள்ளலாம். அதே சமயம் குட்டி போட்ட வேறு எலி யாரிடமாவது இருந்தால் அதுதான் சிறந்த வழி. அந்தக் கூட்டுக் காகிதத்தில் குட்டியைப் புரட்டி உள்ளே விட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

எதுவுமே நடக்காவிட்டால், பூனைக்குட்டிக்கு விற்கும் பால்மாவைக் கரைத்து, சிறிய ஓவியத் தூரிகையில் தோய்த்து உதட்டில் வைத்தால் அது நக்கும். இரண்டு மணிக்கு ஒரு தரம், இரவிலும்தான். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரமும் மலமும் போகும், தாய் நக்கிச் செய்வதை நாம் செய்ய வேண்டும். ஒரு வாரம் ஆன குட்டி என்றால் பிழைக்க வழியுண்டு. நேற்றுப் பிறந்தது என்றால் கஷ்டம்தான், பேரனிடம் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஃபீனிக்ஸ்வாசி:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. முத்துவை அன்றைக்கே மாற்றிவிட்டோம். ஒரு குட்டி மூன்றாம் நாள் இறந்துவிட்டது. பத்து இருக்கின்றன. இன்றைக்கு முதல் இரண்டுக்குக் கண் திறந்திருக்கிறது, மகள் வீடு முழுக்க ஓடிச் சொன்னாள். முத்து தனியாக ரொம்ப வாடிப் போயிருக்கிறது, கம்பியிலேயே தொங்குகிறது. பத்துக் குட்டியையும் வைத்துக்கொள்ள இடமில்லை. பாம்பு வளர்க்கிற ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சாட்ஸ்வர்த் அக்கா:

இரண்டு வாரத்தில் கண் திறந்துவிட்டதா, சரியான வளர்ச்சி. இறந்த குட்டிக்காக மகள் வருத்தப்பட்டிருப்பாள், பெரிய ஈட்டில் ஒன்று போவது உங்கள் குறை இல்லை.

பாம்பும் சாப்பிட வேண்டியதுதான், அதை வளர்ப்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்கள் மகள் தினமும் வயிற்றுப் பட்டை பார்த்து வளர்த்த குட்டிகளை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. இன்னும் நாலு வாரம் இருக்கிறது, வீடு தேட அது போதும்.

முத்துவுக்குத் துணை அவன் மகன்கள்தான். இன்றைக்கே ஆண் பெண் பிரித்துக் குறித்து வையுங்கள். குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு துவாரத்துக்கும் நடுவே உள்ள தூரம் ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் பளிச்சென்று தெரியும். பத்தாவது நாள் வாக்கில் பெண்ணுக்குக் காம்பு வரிசையாகத் தெரிந்திருக்கும், இப்போது முடி மூடியிருக்கும்.

இனிமேல் குழைத்த ப்ரோநியூட்ரோவைத் தரையில் தாழ்வான மூடியில் வையுங்கள், நக்க ஆரம்பிப்பார்கள். நாலாவது வாரம்வரை தாய்ப்பாலும் இருக்கட்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் இந்த வாரமே சிறு கண் வலை கட்டுங்கள், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வெளியே ஓடினால் பூனை ஒரு பக்கம், தெருவில் விற்கிற எலி மருந்து இன்னொரு பக்கம்.

ஐந்து வாரம் முடியும்போது எல்லா ஆண் குட்டிகளையும் முத்துவிடம் மாற்றிவிடுங்கள். அந்த வயதிலேயே தாயையும் தங்கைகளையும் சினையாக்கிவிடுவார்கள், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முதல் தடவை நேராக உள்ளே விடாமல், பொதுவான இடத்தில் அப்பாவோடு கொஞ்ச நேரம் பழக விட்டுப் பாருங்கள். ஆறு வாரம் ஆனபிறகு ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று இரண்டிரண்டாக மட்டும் கொடுங்கள். ஒற்றை எலி கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள், எலி தனியாக வாழாது. சாட்ஸ்வர்த்தில் இரண்டு பெண் குட்டிக்கு என் வீட்டிலேயே இடம் இருக்கிறது. மல்லி நிறத்தில் இருந்தாலும் சரி, முத்து நிறத்தில் இருந்தாலும் சரி, எடுத்துக்கொள்கிறேன்.

ஃபீனிக்ஸ்வாசி:

மகள் இப்போதே இரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் அக்கா. மல்லியின் வயிறு இதுவரை பெருக்கவில்லை. தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வைக்கிறேன், அடுத்த வாரம் இங்கேயே போடுகிறேன்.