346 சி.சி. புல்லட்டுக்கு 500 சி.சி. காசு கட்டிய கதை

அப்பாவின் 1984 புல்லட் 350 இப்போது என்னிடம். வேலை நாளில் எடுப்பதில்லை, ஞாயிறு காலையில் அழகர்கோவில் வரை ஒரு ஓட்டு, வழியில் டீ, அவ்வளவுதான். சிம்மக்கல் பக்கம் இருக்கும் ஏஜென்ட் தம்பி ஒருவர்தான் வருடா வருடம் இன்சூரன்ஸ் போடுவார். வாட்ஸப்பில் தொகை வரும், ஜிபே செய்வேன், பி.டி.எஃப். வரும், திறந்துகூடப் பார்த்ததில்லை. போன மாதம் எஃப்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆர்.சி. புக்கையும் பாலிசியையும் ஒன்றாக ஜெராக்ஸ் எடுத்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. புக்கில் 346 சி.சி., பாலிசியில் 499.

கூப்பிட்டுக் கேட்டால், "சிஸ்டத்துல பழைய மாடல் வரலண்ணே, அதான் இருக்குறதுல ஒண்ண அமுக்கிட்டேன்" என்கிறார், சட்னி இல்லை, சாம்பார் இருக்கிறது என்பதுபோல.

தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான கவர், அதன் ரேட் அரசு வைப்பது, எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் வைத்தபடி 150க்கு மேல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய், 350ஐத் தாண்டினால் 2,804. ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் சேர்த்தால் வருடத்துக்கு 1,697 ரூபாய் கூடுதல். மூன்று வருடம் கட்டியிருக்கிறேன், ஐயாயிரத்துச் சொச்சம் போச்சு. காசைவிட, ஒரு விபத்து என்று வந்து பாலிசியில் வேறு வண்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் மற்ற வரிகளையும் உட்கார்ந்து படித்தேன். ஸ்கூட்டர், கார், புல்லட் மூன்றும் என் பெயரில்தான், மூன்றிலும் ஓனர்-டிரைவர் விபத்து கவர் தனித்தனியாகப் போட்டு ஒவ்வொன்றிலும் முந்நூற்றுச் சொச்சம் பிடித்திருக்கிறார்கள். 15 லட்சத்துக்கு ஒரு கவர் இருந்தால் போதும், 2019 ஜனவரியிலிருந்தே அப்படித்தான். ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மற்ற வண்டிகளில் எடுத்துவிடுவார்கள். நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஓன் டேமேஜை, அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான கவரை, இந்த வருடம் விட்டுவிட்டேன். ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்கு வைக்கும் மதிப்பு, 15,000 என்று போட்டிருந்தது, அந்தக் காசுக்கு இன்று பெட்ரோல் டேங்கும் மட்கார்டும் வாங்கிப் பெயின்ட் அடிக்கலாம், வண்டி வாங்க முடியாது.

பதிவுக்கு வந்த பதில்: மேலூர் ஆர்.எக்ஸ்.

ஓன் டேமேஜ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் ஆர்.எக்ஸ். 100க்கு ஃபுல் கவர் வைத்திருந்தேன். ஒத்தக்கடை பக்கம் மணலில் வழுக்கி விழுந்து டேங்க் நசுங்கி, ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் போச்சு. பத்து வருடத்தைத் தாண்டிய வண்டி என்பதால் இரும்புச் சாமானில் பாதி கழித்தார்கள், ரப்பர், பிளாஸ்டிக்கில் எப்படியும் பாதி போய்விடும், அதோடு கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான என்.சி.பி.யும் பூஜ்யத்துக்கு வந்தது. டிங்கர் பில்லில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று அண்ணே, திருட்டு போனால் தேர்ட் பார்ட்டியில் நயா பைசா கிடையாது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. நாமும் கம்பெனியும் பேசி வைப்பதுதான், அதனால் வெளியே நிறுத்துகிறவர்கள் போட்டோ, ரெஸ்டோரேஷன் பில் எல்லாம் காட்டி ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 15,000க்கு ஒத்துக்கொண்டு பிரீமியம் கட்டுவது வீண். நான் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு, ராத்திரி வீட்டுக்குள்ளே ஏற்றிச் சங்கிலி போட்டுவிடுகிறேன். வீட்டில் ஆயில் வாடை என்று திட்டு விழும், சரி.

இன்னொரு பதில்: ஜாவா மருமகன்

மாமாவின் 1966 ஜாவா 250 எங்கள் வீட்டில் இருக்கிறது. விண்டேஜ் என்று பதிந்தால் இன்சூரன்ஸ் பாதியாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு வாரம் அலைந்தேன். தேர்ட் பார்ட்டியில் 50 சதவீதம் சலுகை இருப்பது உண்மைதான், ஆனால் அது விண்டேஜாகப் பதிந்த காருக்கு, பைக்குக்கு இல்லை. 2021 விதிப்படி 50 வருடத்தைத் தாண்டிய வண்டியை விண்டேஜுக்கென்று தரும் வி.ஏ. நம்பரில் புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிந்த பிறகு கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, சரிபார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். மாமாவுக்கோ தினமும் காலையில் நாகமலை புதுக்கோட்டை வரை போய்வந்தாக வேண்டும். விட்டுவிட்டோம்.

ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்கு என்று ஒரு வருடம் போடாமலும் இருந்து பார்த்தார். வாட்டர் வாஷுக்கு எடுத்துப் போனவரைக் காளவாசலில் மறித்து 2,000 ரூபாய் அபராதம் போட்டார்கள், அடுத்த முறை 4,000. வாஷுக்கு ஆன 150ஐயும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.