சாஃப்ரன் வால்டனில் வீடு பார்ப்பவர்களுக்கு

வேலை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், வீடு அதற்குத் தெற்கே உள்ள சிறு நகரமான சாஃப்ரன் வால்டனில் என்று யோசிக்கிறீர்கள் என்றால் முதலில் ஒன்று: ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. இருந்த கிளைப்பாதையை 1964-இல் மூடிவிட்டார்கள். ஆட்லி எண்ட் நிலையத்துக்குத்தான் போக வேண்டும், மூன்று கிலோமீட்டர் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் இரவில் திரும்பி வர பஸ் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

மற்றபடி எனக்கு மிகவும் பிடித்த ஊர். பெயரில் இருக்கும் சாஃப்ரன் நம் குங்குமப்பூவேதான். முன்பு இது சிப்பிங் வால்டன். சிப்பிங் என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சுற்றுவட்டார வயல்களில் குங்குமப்பூ விளைந்தது. மருந்துக்கும் சாயத்துக்கும் சமையலுக்கும் போனது. ஒரு பூவில் மூன்றே இழை. ஒரு கிராம் சேர சுமார் 150 பூ வேண்டும், அத்தனையும் கையால் பறிக்க வேண்டும். அந்தப் பாடுபட்டவர்களின் பயிர்தான் ஊருக்குப் பெயராக நிலைத்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்ததும் சாகுபடி ஓய்ந்துபோனது.

சந்தை ஓயவில்லை. 1141-இல் பக்கத்து நியூபோர்ட்டிலிருந்து இங்கே மாறிவந்த சந்தை இன்றும் செவ்வாய், சனிக்கிழமைகளில் கூடுகிறது. ஒட்டிய சந்துகளின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே நடங்கள்: புட்சர் ரோ கறிக்கடை வரிசை, மெர்சர்ஸ் ரோ துணிக்கடை வரிசை. சதுக்கத்தில் 1848-இல் கட்டிய தானியச் சந்தைக் கட்டடம்தான் இப்போது நூலகம். வந்த வாரமே உறுப்பினர் அட்டை வாங்கிவிடுங்கள், இலவசம். பிள்ளைகள் இருந்தால் காமன் என்னும் பொதுப் புல்வெளிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே புல்லில் வெட்டிய பழைய சுழல்பாதை இருக்கிறது. சுற்றிச் சுற்றி நடந்து முடிக்க ஏறக்குறைய ஒரு மைல்.

பழைய மரச்சட்ட வீடு வாடகைக்குக் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் ஜன்னலை மாற்றக்கூட கவுன்சிலின் அனுமதி வேண்டும். டிஷ் ஆன்டெனா மாட்டுவதற்கும் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

மளிகைக்கு கேம்பிரிட்ஜ் மில் ரோடு போய்வரலாம். காய்கறியை மட்டும் சனிக்கிழமை சந்தையிலேயே, வாராவாரம் ஒரே கடையில் வாங்குங்கள். நான்காவது வாரம் "போன வாரம் ஆளைக் காணோமே" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பழக்கம் அவர்தான்.