வால்டாக்ஸ் சாலை நடைபாதைக் குடும்பங்கள்: உழைத்தால் வீடு வந்துவிடுமா?

கொருக்குப்பேட்டை குமார்:
சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு அங்கேயே வீடு தர வேண்டும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருந்தோம். அப்பா கூலியைக் குடித்து அழிக்கவில்லை, அதனால் ரோட்டுக்கு வரவில்லை. நகரின் தெற்கு ஓரத்தில் அரசு கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு கொடுத்தால் பூட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இன்னும் என்ன செய்வது?

மின்ட் பாஸ்கர்:
அண்ணா, உங்கள் பெற்றோர் பட்ட பாட்டை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இவர்கள் உழைக்காதவர்களா? விடிவதற்கு முன் பூக்கடைப் பக்கம் வந்து பாருங்கள். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கேற்றி மிதிப்பவர், பார்சல் ஆபீஸில் லோடு இறக்குபவர், பூ கட்டும் பெண்கள் எல்லாம் இந்த நடைபாதைக்காரர்கள்தான். 1996ல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது மூட்டைக் கூலியை நம்பியவர்களின் சோறும் கூடவே போனது. அது யாருடைய சோம்பேறித்தனம்?

பெரும்பாக்கம் பாரிமுனையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். அதிகாலை லோடுக்கு எந்த பஸ்ஸைப் பிடித்து வருவார்கள்? பிழைப்புக்குப் பக்கத்தில் இருக்கத்தான் நடைபாதையில் வாழ்கிறார்கள் என்பதை 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

ஒன்று கேட்கிறேன். அந்த அறைக்கு உங்கள் அப்பா எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்?

கொருக்குப்பேட்டை குமார்:
கொடுக்கவில்லை. வீட்டுக்கார அம்மா ஊர்க்காரர், நம்பிக் கொடுத்தார். ஆனால் வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. சாப்பாடு தவறியிருக்கிறது, வாடகை தவறவில்லை. அந்தப் பொறுப்பைத்தான் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை செல்வி:
பொறுப்பைக் காட்டவே முதலில் ஓர் அறை வேண்டுமே அண்ணா. பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. நம் பக்கத்தில் யார் கேட்கிறார்கள்? பத்து மாதம் கேட்கிறார்கள். நடைபாதை முகவரி என்றால் அதுவும் கிடையாது, வீடே இல்லை என்கிறார்கள்.

வீடில்லாதவர்கள் தங்கக் காப்பகம் இருக்கிறதே என்பீர்கள். நகரத்தில் லட்சம் பேருக்கு ஒன்று, ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வயதுக்கு வந்த பெண்ணையும் பத்து வயதுப் பையனையும் வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி எப்படிப் பிரிந்து போவார்கள்? அந்தப் பெண் குளிக்க இருட்டோடு எழுந்து கட்டணக் கழிப்பறைக்கு ஓடுகிறாள். அதற்கும் காசு.

கொருக்குப்பேட்டை குமார்:
சரி, அட்வான்ஸை அரசு கட்டட்டும், அதுவும் வடசென்னையிலேயே. அதில் எனக்குத் தடையில்லை. வாடகையை அவர்கள்தான் கட்ட வேண்டும். குடித்துவிட்டுக் கட்டாதவனுக்காக நான் பேச மாட்டேன்.

தண்டையார்பேட்டை செல்வி:
அப்படியானால் ஒப்பந்தத்தை மனைவி பெயரில் போடச் சொல்லுங்கள். பூ கட்டி, சீட்டுப் போட்டு, பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்ப்பது அவர்கள்தான். வாடகையும் கட்டுவார்கள்.