உதவி: வெளிமாநிலத்தில் ஓராண்டு படித்த மகள் கம்யூனிட்டி காலேஜ் வழியாக யூசி-க்கு மாற முடியுமா?

ஃப்ரீமாண்ட்_அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் ஃப்ரீமாண்டில் பல வருடங்களாக இருக்கிறோம், கிரீன் கார்ட் வந்துவிட்டது. மகள் மிட்வெஸ்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் முடித்திருக்கிறாள். முதல் செமஸ்டர் நன்றாகப் போனது. இரண்டாவதில் கால்குலஸ் 2-இல் டி கிரேடு. ஜிபிஏ இறங்கியதால் ஸ்காலர்ஷிப் நின்றுவிட்டது. அது இல்லாமல் அங்கே கட்டணம் கட்ட எங்களால் ஆகாது. அவளுக்கும் ஊர் பிடிக்கவில்லை, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்கிறாள்.

இங்கே வந்து யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் எதிலாவது பட்டம் முடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மொத்தம் 28 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்) கையில் இருக்கிறது. நேராக யூசி-க்கு விண்ணப்பிக்கலாமா, இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜ் போய்த்தான் ஆக வேண்டுமா? ஒரே வருடத்தில் மாறிவிட முடியுமா? தெரிந்தவர் ஒருவர், "பழைய காலேஜைப் பற்றி மூச்சே விடாதீர்கள், புதிதாகச் சேர்ந்த மாதிரி ஆரம்பியுங்கள், டி-யும் போய்விடும்" என்கிறார். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டுகிற அசிஸ்ட் தளத்தில் தேடினால் அவளுடைய பல்கலைக்கழகம் பட்டியலிலேயே இல்லை. குழப்பமாக இருக்கிறது.

சன்னிவேல்_சங்கர்:

கம்யூனிட்டி காலேஜ் எதற்கு? ரெஸ்யூமேயில் அந்தப் பெயர் வந்தால் கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்? பல்கலைக்கழகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நேராக மாற்றுங்கள். என் மச்சினன் பையன் டெக்சாஸில் அப்படித்தான் போனான்.

டேவிஸ்_தம்பி:

சங்கர் அங்கிள், டெக்சாஸ் வேறு, இங்கே வேறு. யூசி-யில் மாற்று மாணவர் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவர்களுக்கு முன்னுரிமை. மற்ற யூசி வளாகங்களிலிருந்தும் வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வருபவர்கள் அதற்குப் பின்னால்தான். 28 யூனிட்டோடு நேராகப் போனால் பெரும்பாலும் விண்ணப்பமே தகுதி பெறாது, ஏனென்றால் யூசி பொதுவாக மூன்றாம் ஆண்டுக்குத்தான் ஆள் எடுக்கும். அதற்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். ரெஸ்யூமேயில் பட்டம் கொடுத்த இடத்தின் பெயரைத்தான் எல்லோரும் போடுகிறோம். நான் டேவிஸ் என்று போட்டிருக்கிறேன், இதுவரை யாரும் அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டதில்லை.

ஆன்ட்டி, அந்த "மூச்சு விடாதீர்கள்" யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். யூசி விண்ணப்பத்தில் பள்ளிக்குப் பிறகு படித்த ஒவ்வொரு கல்லூரியையும் ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண்ணோடு போட வேண்டும். மறைத்தால் அது பொய்த் தகவல். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் சேர்க்கையை ரத்து செய்யலாம். யார் எங்கே பதிவு செய்திருந்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தேசிய அளவில் தரவுத்தளமே இருக்கிறது.

கணக்கு_டீச்சர்:

நான் இந்தப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதி நேரமாகக் கணிதம் எடுக்கிறேன். உங்கள் மகள் நிலையில் வருடா வருடம் சிலர் என் வகுப்புக்கு வருகிறார்கள், இது ஒன்றும் அபூர்வமில்லை.

முதலில் அந்த டி. டி வந்தது ஒரு விதத்தில் நல்லதுதான். சி மைனஸ் அல்லது அதற்குக் கீழே என்றால் மறுபடி எடுக்கலாம். அதற்கு இணையான பாடத்தை இங்கே எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினால் யூசி கணக்கில் புதியது நிற்கும். விண்ணப்பத்தில் இரண்டையும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சி வாங்கியிருந்தால்தான் சங்கடம், அது ஒட்டிக்கொண்டே வரும்.

அசிஸ்டில் ஏன் இல்லை என்றால், அது கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களை மட்டும் காட்டுகிற தளம். வெளிமாநிலம் அதில் வராது. நீங்கள் தேட வேண்டியது வேறு. உங்கள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் ஒரு பக்கம், போக நினைக்கிற யூசி மறுபக்கம், கல்வியாண்டு, அப்புறம் மேஜர் (முதன்மைப் பாடம்). பக்கம் இரண்டாகப் பிரிந்து வரும். இடது பக்கம் யூசி கேட்கிற பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாகக் கல்லூரியில் எடுக்க வேண்டிய பாடம். வலது பக்கம் "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்று வந்தால் அந்தக் கல்லூரியில் அதற்கு ஈடு இல்லை என்று பொருள். வேறு கம்யூனிட்டி காலேஜில் இருக்கிறதா பாருங்கள், இரண்டு மூன்று கல்லூரிகளில் கலந்து படிப்பது இங்கே சகஜம்.

ஆனால் கால்குலஸைக் கலக்காதீர்கள். டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் இரண்டும் குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடச் சிறிய பருவங்கள். அங்கே கால்குலஸ் நான்கு துண்டாக வரும். ஓலோனி, சாபோ, மிஷன் எல்லாம் செமஸ்டர் முறை, மூன்று துண்டு. செமஸ்டரில் முதல் துண்டை முடித்துவிட்டுக் குவார்ட்டர் கல்லூரிக்குப் போனால், சில அத்தியாயங்கள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும். உங்கள் மகளின் பழைய இடம் செமஸ்டர் என்பதால் செமஸ்டர் கல்லூரியிலேயே கால்குலஸ் 2-ஐத் தொடங்குவது நல்லது. ஃப்ரீமாண்டில் இருக்கிறீர்கள், ஓலோனி வாசலிலேயே இருக்கிறது.

டேவிஸ்_தம்பி:

ஒரு வருடத்தில் முடியுமா என்ற கேள்விக்கு: தாளில் முடியும். கம்யூனிட்டி காலேஜ் மாணவர் என்று யூசி ஏற்க மூன்று நிபந்தனைகள் உண்டு. கோடையைச் சேர்க்காமல் குறைந்தது இரண்டு பருவம் அங்கே படித்திருக்க வேண்டும், யூசி ஏற்கும் 30 செமஸ்டர் யூனிட் அங்கே முடித்திருக்க வேண்டும், கடைசியாகப் படித்ததும் அதுவாக இருக்க வேண்டும்.

இப்போது 60-க்குக் கணக்குப் போடுங்கள். 28 இருக்கிறது. கால்குலஸ் 2-க்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்வோம், மறுபடி எடுத்தால் இரண்டு முறை எண்ண மாட்டார்கள். ஆக 24. மீதி 36 இங்கே எடுக்க வேண்டும். கோடையில் 5, ஃபாலில் 15, ஸ்பிரிங்கில் 16. பழைய 28-இல் முதலாண்டுக் கருத்தரங்கு மாதிரி ஏதாவது யூசி ஏற்காததாக இருந்தால் இன்னும் கூடும்.

யூனிட்டை எட்டிவிடலாம், பாடங்களை எட்டுவதுதான் கஷ்டம். கால்குலஸ் 2 முடிந்தால்தான் அடுத்த கால்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும். புரோகிராமிங் முடிந்தால்தான் டேட்டா ஸ்டிரக்சர்ஸ். பல வளாகங்கள் டிஸ்கிரீட் மேத்ஸும் ஃபிசிக்ஸும் கேட்கும். இவை ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசிவாக்கில் முடிந்துவிடும். ஒரு வருடத் திட்டத்தில் அன்றைக்கு அவர்கள் பார்ப்பது பழைய இடத்து மதிப்பெண்ணும் ஒரு கோடைப் பாடமும்தான். ஃபால் மதிப்பெண்ணை ஜனவரியில் தருகிற அப்டேட்டில்தான் சேர்க்க முடியும். நானாக இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இரண்டு வருடம் எடுப்பேன்.

ஃப்ரீமாண்ட்_அம்மா:

இரண்டு வருடம் எடுத்தால் யூனிட் அதிகமாகிவிட்டது என்று தள்ளிவிட மாட்டார்களா?

கணக்கு_டீச்சர்:

முதல் இரண்டு வருடத்துக் கீழ்நிலைப் பாடங்களால் அப்படி ஆகாது. எத்தனை எடுத்தாலும் 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் யூனிட்டாகக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், பாடம் முடித்ததாக மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலைப் பாடங்கள் நிறைய எடுத்தவர்களுக்குத்தான் சிக்கல். முதலாண்டு முடித்தவளுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பொதுப் பாடங்களுக்கு 2025 ஃபாலிலிருந்து கால்-கெட்சி என்ற ஒரே தொகுப்பு, யூசி-க்கும் கால் ஸ்டேட்டுக்கும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) பொது. வெளிமாநிலப் பாடங்களையும் கல்லூரி ஆராய்ந்து அதில் பொருத்தலாம். ஆனால் அதில் மேடைப்பேச்சும் எத்னிக் ஸ்டடீஸும் உண்டு, வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டும் விட்டுப்போயிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவற்றுக்கு மேஜர் பாடங்கள் முதலில், பொதுப் பாடங்கள் அப்புறம்.

மில்பிடாஸ்_அப்பா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறான். அவனுக்கும் இதே யோசனைதான், 21 வயது ஆக இன்னும் ஒன்றரை வருடம். உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா?

கணக்கு_டீச்சர்:

எச்-4-இல் இருக்கும்வரை கலிஃபோர்னியாவில் வசிப்பாளர் நிலை பெறத் தடையில்லை சார். 21 ஆனதும் எச்-4 போய்விடும். எஃப்-1 மாணவர் விசா எடுத்தால் பொதுவாக வெளியாள் கட்டணம்தான். பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் எடுத்தாக வேண்டும், அதில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புதான் கணக்கில் வரும். ஆகவே காலேஜ் கவுன்சலரைப் பார்ப்பதற்கு முன்னால் இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள். தனி இழை போடுங்கள், இதே நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சன்னிவேல்_சங்கர்:

சரி, சரி. செலவாவது குறையுமா?

டேவிஸ்_தம்பி:

உள்ளூர் மாணவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர் அங்கிள். மேலே சொன்ன 36 யூனிட்டுக்கு 1656 டாலர், சில்லறைக் கட்டணங்களும் புத்தகமும் தனி.

டாக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்ட்டி) பற்றியும் சொல்லிவிடுகிறேன். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும். பெர்க்லியும் யூசிஎல்ஏ-யும் சான் டியேகோவும் இதில் இல்லை. ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாதம் மட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி கூட்டம் அதிகமான மேஜர்களை இதிலிருந்து விலக்கி வைப்பது வழக்கம், சான்டா பார்பராவில் பொறியியல் கல்லூரி முழுவதுமே கிடையாது. அந்த வருடத்து டாக் அட்டவணையைப் பார்க்காமல் நம்பி இறங்காதீர்கள். கால் ஸ்டேட்டுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். மாற்றத்துக்கான அசோசியேட் டிகிரி முடித்தால் கால் ஸ்டேட்டில் எங்காவது ஓர் இடம் உறுதி, ஆனால் சான் ஹோசே ஸ்டேட்டே கிடைக்கும் என்று அதற்குப் பொருளில்லை.

ஃப்ரீமாண்ட்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்துக் கல்லூரியில் டிரான்ஸ்ஃபர் கவுன்சலரைப் பார்த்துவிட்டு வந்தோம். அவரும் இரண்டு வருடம் என்றுதான் சொன்னார். அறிவியல் பாடங்களை அவசரமாக அடுக்கினால் இன்னொரு டி வரும் என்றார், மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய பல்கலைக்கழகத்திலிருந்து முழுதாக விலகாமல் லீவ் ஆஃப் ஆப்சன்ஸ் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு விஷயம் இன்னும் நிற்கிறது. விடுதிக் கட்டண பாக்கி என்று அங்கே டிரான்ஸ்கிரிப்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கே ஃபாலுக்குப் புரோகிராமிங் வகுப்பில் பதிவு செய்யப்போனால் முன்பாடம் இல்லை என்று கம்ப்யூட்டர் தடுக்கிறது.

கணக்கு_டீச்சர்:

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளது. பாக்கியைக் கட்டி டிரான்ஸ்கிரிப்டை விடுவித்துவிடுங்கள், அது இல்லாமல் அடுத்த இரண்டு வருடமும் எதுவும் நகராது. அதிகாரபூர்வப் பிரதி வந்து சேரும் வரை காத்திருக்காமல், மாணவர் கணக்கிலிருந்து இறக்கிய பிரதியோடு முன்பாட விலக்குப் படிவத்தை அனுப்புங்கள், பல கல்லூரிகள் அதையே ஏற்கும். பாடத்திட்டத் தாளையும் சேர்த்து அனுப்பினால் மறுகேள்வி வராது. பழைய இடத்து எல்லாப் பாடங்களின் பாடத்திட்டத் தாள்களையும் இப்போதே இறக்கி வையுங்கள், கணக்கை மூடிவிட்டால் அப்புறம் கிடைக்காது.

புது மாணவர் என்பதால் பதிவுத் தேதி பின்னால்தான் வரும், வகுப்பு நிரம்பியிருக்கும். வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாள் வகுப்புக்கே போய் உட்காரச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நாலைந்து பேராவது விலகுவார்கள், ஆசிரியரிடம் கேட்டால் ஆட் கோட் (வகுப்பில் சேர்வதற்கான குறியீடு) தருவார். என் வகுப்பில் நேரில் வந்து நிற்பவருக்குத்தான் முதலில் தருவேன்.