போர்த்விக்கில் விருந்தினர் தங்கலாம், த்ரீவுக்குக் கூரை கூடாதா?

கேள்வி:
1430இல் அரச அனுமதி பெற்று எழுந்த போர்த்விக் கோட்டையில் இன்று விருந்தினர் தங்குகின்றனர். அதற்குச் சுமார் அறுபது ஆண்டுகள் முன்பு டீ ஆற்றுத் தீவொன்றில் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் கட்டிய த்ரீவ் கோட்டையோ கூரையின்றி நிற்கிறது. இரண்டும் ஸ்காட்லாந்தின் கோபுர மாளிகைகள்தாம் (கோபுரம்போல் உயர்ந்த, அரண் கொண்ட வசிப்பிடங்கள்), இரண்டும் பாதுகாக்கப்பட்டவைதாம். அப்படியிருக்க, இந்த வேறுபாடு ஏன்?

மறுமொழி 1:
பாதுகாப்பு இரண்டுக்கும் உண்டு, சட்டம்தான் வேறு. போர்த்விக், பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மிக உயர்ந்த ‘ஏ’ பிரிவில் இடம்பெற்ற கட்டடம். அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு, உட்புறமானாலும் வெளிப்புறமானாலும், உள்ளூர்த் திட்ட அதிகார அமைப்பின் ஒப்புதல் வேண்டும். ஆயினும் கட்டடம் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் போக்கு. த்ரீவ், 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின்படி அட்டவணையில் சேர்க்கப்பட்ட நினைவுச்சின்னம். அங்கே பழுதுபார்ப்புக்குக்கூட முன்அனுமதி தேவை. பொதுவாக அதை வழங்குவது, 2015 அக்டோபரில் செயல்படத் தொடங்கிய ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து’ என்ற பொதுத்துறைத் தொல்சின்னப் பாதுகாப்பு அமைப்பு. அனுமதியின்றி வேலை செய்வது குற்றம். ஒரே கட்டடம் இரண்டிலும் இடம்பெற்றிருந்தால் தொல்சின்னச் சட்டமே மேலோங்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் தனியார் ஒருவர் பாழடைந்த கோட்டையை வாங்கிக் குடியேற விரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு டியோரம் கோட்டையே சான்று. மேற்குக் கரையிலுள்ள அந்தக் கோட்டையை 1997இல் வாங்கிய உரிமையாளர் அதை வசிப்பிடமாக மீட்டெடுக்க முயன்றார். பொது விசாரணைக்குப் பின்னரும் 2002இல் அனுமதி மறுக்கப்பட்டது. இத்தகைய மறுப்பில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். விட்டங்கள் செருகிய குழிகள், புகைபோக்கித் தடங்கள், பழைய சாந்து ஆகியவை தொல்லியல் சான்றுகள். புதிய தளமும் பூச்சும் ஏறினால் அவை மறைந்துவிடும்.

மறுமொழி 3:
முழுமையாக உடன்பட இயலவில்லை. அட்டவணையில் சேர்ப்பதால் மட்டும் பராமரிக்கும் கடமை உரிமையாளர்மீது விழுவதில்லை. மழைநீர் சுவரின் உச்சி வழியாக இறங்கி, உறைந்து உருகும்போது சாந்து உதிர்கிறது; யாரும் விதியை மீறாமலேயே அந்தச் சான்றுகள் கரைந்துபோகின்றன. இதில் சிமெண்டு பூசிய பழைய பழுதுபார்ப்புகள் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துக் கேட்டைக் கூட்டியிருக்கின்றன. அதே மேற்குக் கரையிலுள்ள ஸ்டாக்கர் கோட்டை 1965 முதல் தனியார் முயற்சியால் மீண்டும் கூரை பெற்றது. அது 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய காலம். இன்றைய விதிகளின் கீழ் அதே பணி எளிதில் நடந்திருக்காது. நடந்ததனால்தான் அந்தக் கோபுரம் இன்று கூரையோடு நிற்கிறது.