வெயில் தாக்குனதை நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

அவனியாபுரத்தான்:
சித்திரை பிறந்து நாலே நாள். கத்திரிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. எங்க வீட்டு மாடிக்கு கான்கிரீட் போட்டுக்கிட்டிருந்தாங்க. சித்தாள் அக்கா ஒருத்தங்க சட்டியை இறக்கி வச்சுட்டு என்னைப் பார்த்து, "விடிஞ்சிருச்சா தம்பி?"ன்னாங்க. மணி ரெண்டு. கையைப் பிடிச்சா கொதிக்குது, பொட்டு வேர்வை இல்ல. தலையில இருந்த சும்மாட்டை எடுத்தேன். காலைலேர்ந்து சுமந்த துணி, மொறமொறன்னு காஞ்சு கிடக்கு. அந்தக் கேள்வி இன்னும் காதுல நிக்குது.

வடகரை:
பாவம்தான் தம்பி. ஆனா மதுரைக்கு வெயில் புதுசா? சின்னப் பிள்ளையில அழகர் ஆத்துல இறங்குறப்ப, துருத்தி வச்சுத் தண்ணி பீய்ச்சுறவங்க முன்னாடி போய் நிப்போம். அவ்வளவு அனல். எங்க தாத்தா காலத்துலயும் கத்திரி இருந்துச்சு. எல்லாத்துக்கும் பருவநிலை மாற்றம்னு சொல்றது சரியில்ல.

செல்லூர்ப் பொண்ணு:
வடகரை அண்ணே, வெயில் இருந்துச்சு, இல்லேங்கல. எத்தனை தடவை வருதுங்கறதுதான் கேள்வி. 2021ல வந்த ஐபிசிசி (ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழு) அறிக்கையைப் பாருங்க. நிலப்பரப்புல 1850-1900 காலத்துல 10 வருஷத்துக்கு ஒருக்கா வந்த கடும் வெப்பம், பூமி 1 டிகிரி சூடானதுக்கே அதே 10 வருஷத்துல 2.8 தடவை வருது. 1.5 டிகிரின்னா 4.1 தடவை, 2 டிகிரின்னா 5.6. அம்பது வருஷத்துக்கு ஒருக்கா வந்தது 1 டிகிரிக்கே 4.8 தடவை. ஒரு டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. படித்துறையில தண்ணி ஒரு அடி கூடினா, எப்பவாவது முங்குற மேல்படி அடிக்கடி முங்கும்ல, அது மாதிரி. நிலக்கரி, பெட்ரோல் புகைதான் அந்த ஒரு அடி.

எங்க கதை ராத்திரி. தகரக் கூரை வீடு. போன மே மாசம் அம்மா ரெண்டு மணிக்கு எந்திரிச்சு சுவத்துல கை வச்சுட்டு வெடுக்குனு எடுத்தாங்க. அடுப்பணைச்ச தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. ஈரச்சேலையைத் தரையில விரிச்சுப் படுத்தோம், அரை மணியில காஞ்சிருச்சு. பகல் வெயிலுக்கு ராத்திரிதானே மருந்து? அது இல்லாமப் போச்சு.

திருமங்கலம் டிரைவர்:
நமக்கு ஒரு தடவை இன்ஜின் பக்கத்துல உக்காந்து கண்ணு இருட்டி வண்டியை ஓரம் கட்டினேன், அவ்வளவுதான். ஆனா அவனியாபுரத்தான் சொன்னதுல ஒண்ணைத் திருத்தணும். வேர்வை நின்னாத்தான் ஆபத்துன்னு யாரும் இருந்துராதீங்க. வெயில்ல உழைக்கிறவங்களுக்கு வேர்த்துக்கிட்டிருக்கும்போதே வரும். பேச்சு குழறுது, சம்பந்தமில்லாமப் பேசுறாங்கன்னா அதுதான் அறிகுறி, உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. நிழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, கழுத்துலயும் அக்குள்லயும் ஐஸ் வைங்க. நினைவு தடுமாறுறவங்க வாயில தண்ணியோ மோரோ ஊத்தவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்குக் கேக்காது. செல்லூர்த் தங்கச்சி, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க, கொஞ்சம் கொறையும். இன்னொண்ணு, 2024 அக்டோபர்ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சிருச்சு. உயிர் போனா குடும்பத்துக்கு 4 லட்சம் உண்டு. அதுக்கு வெயில்லதான் போச்சுன்னு மருத்துவர் எழுதணும், கேட்டு வாங்குங்க.

வடகரை:
அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்க தம்பி?

அவனியாபுரத்தான்:
ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கண்ணே. நான்தான் அன்னைக்கு வாயில தண்ணி ஊத்தினேன். டிரைவர் அண்ணன் சொன்னதைப் படிச்சதும் கை நடுங்குது. பத்து நாளாச்சு, இன்னும் வேலைக்கு வரல. சும்மாடு எங்க மாடிப்படிக் கைப்பிடியில கிடக்கு.